பெல்ட் அறுந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள்: மரவேலை மெசின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். விசுவமடுவில் எங்கள் பட்டறையில் ஒரு சீவுற மெசின் இருக்கிறது, மூன்று குதிரைவலு மோட்டர், இரண்டு பெல்ட். ஒரு வருடம் கோடைக்குள் இரண்டே மாதத்தில் மூன்று சோடி பெல்ட்டைத் தின்றது. ஒவ்வொரு முறையும் கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய்ப் புதுசு வாங்கிவந்து போட்டுவிட்டு, கடைக்காரர் பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள், வவுனியாப் பக்கம் மரக்காலையில் கனகாலம் வேலை செய்த ஒரு அண்ணை கதவுநிலைக்கு மரம் பார்க்க வந்தார். அறுந்த பெல்ட்டை நான் நீட்ட, அவர் அதை வாங்கவே இல்லை. நேரே போய் மோட்டர்ப் புல்லியின், அதாவது பெல்ட் ஓடும் சில்லின், பள்ளத்துக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினார்.

"தம்பி, பெல்ட்டில பிழை இல்லை. இஞ்ச பார், இதுக்குள்ள முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்."

பள்ளத்தின் அடி கண்ணாடிமாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. அது மினுங்கவே கூடாது. ஏன் என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

எங்கள் மெசின்களில் ஓடுவது வீ பெல்ட், V எழுத்துப்போல அடி ஒடுங்கியது. அது இழுப்பது அடியால் அல்ல, இரண்டு பக்கச் சுவராலும்தான். பெல்ட்டின் சரிவு 40 பாகை, புல்லிப் பள்ளத்தின் சரிவு அதைவிடக் கொஞ்சம் குறைவு, 34 இலிருந்து 38 வரை வரும், சின்னப் புல்லி என்றால் இன்னும் ஒடுக்கம். அதனால் பெல்ட் ஆப்பு அடித்த மாதிரி உள்ளே இறுகுகிறது. ஆப்பு எப்படிப் பிடிக்கும் என்று தச்சு வேலை செய்கிறவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பள்ளத்தின் சுவர் தேய்ந்து பெல்ட் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆப்பு ஆப்பாக இருக்காது, வழுக்கும், சூடாகும், எரியும். எவ்வளவு நல்ல பெல்ட் போட்டாலும் அந்தப் புல்லி அதைத் தின்னும்.

கை வைக்க முன்னர்

இதைக் கடந்து ஓடாதீர்கள். சுவிச்சை நிறுத்தினால் காணாது, பிளக்கைக் கழற்றி உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், முடிந்தால் மெசின் மேசைக்கு மேலேயே வையுங்கள். மூன்று கட்ட மோட்டர் என்றால் பிரதான சுவிச்சை இறக்கிவிட்டு, அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டைப் போட்டுத் திறப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

"கறண்ட் இல்லைத்தானே, இந்த நேரத்துக்குள் பெல்ட்டை மாற்றிவிடுவோம்" என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் கறண்ட் வெட்டினார்களே, அப்போது நானும் இதைத்தான் செய்தேன். சாதாரண மேல்கீழ் சுவிச் போட்ட மெசின், கறண்ட் போகும்போது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் இருக்கும். கறண்ட் திரும்பி வந்த அந்தக் கணமே மோட்டர் சுற்றும். அன்று என் கை ஸ்பனர் எடுக்க வெளியே வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கறண்ட் போனால் தானாக விழுந்து, பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும் வகைச் சுவிச் கிடைக்கிறது. முதல் காசு வந்ததும் அதை மாற்றுங்கள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெசினுக்குப் பக்கத்தில் நிற்பதும் எங்கள் பக்கத்துப் பழக்கம். பெல்ட் மூடி இல்லாத மெசினுக்குப் பக்கத்தில் சாரம் வேண்டாம், சால்வை வேண்டவே வேண்டாம்.

செத்த பெல்ட்டை வாசியுங்கள்

கழற்றிய பெல்ட்டை வேலிக்கரையில் எறிய முன்னர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, முழு வட்டத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். என்ன நடந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

இரண்டு பக்கச் சுவரும் கடினமாகி மினுங்கினால் நெடுநாள் வழுக்கியிருக்கிறது: இழுவை காணாது, அல்லது புல்லி தேய்ந்திருக்கிறது, அல்லது மெசினுக்கு அளவுக்கு மிஞ்சிய வேலை. ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்து நூல் கிளம்பியிருந்தால் இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இல்லை. உள்பக்கம் குறுக்கே குறுக்கே வெடித்திருந்தால் சூடு, அல்லது அந்த அகலத்துக்குப் பொருந்தாத மிகச் சின்னப் புல்லி, அல்லது வெறும் முதுமை. எண்ணெய் பட்டது ஊதிப்போய், தொட்டால் ஒட்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கருகியிருக்கிறதா? மரம் சிக்கி வாள் நின்றுபோக, மோட்டர் மட்டும் நிற்காமல் அந்த இடத்தை அரைத்திருக்கிறது. அடிப்பக்கம் மினுங்கினால் என் கதை.

நடுவில் துண்டாக அறுந்த பெல்ட்தான் பலரை ஏமாற்றும். "மட்டச் சாமான்" என்று சொல்லிவிடுவோம். ஆனால் மாட்டும்போது திருப்புளி கொடுத்து நெம்பி ஏற்றினீர்களா என்று முதலில் யோசியுங்கள். பெல்ட்டின் பலம் றப்பரில் இல்லை, உள்ளே ஓடும் நூல்களில் இருக்கிறது. நெம்பும்போது ஓரத்து நூல் நான்கைந்து அறும், வெளியில் ஒன்றும் தெரியாது. பிறகு அது ஓடும்போது ஒரு பக்கம் இழுபட்டுப் பள்ளத்துக்குள் குப்புறப் புரளும், கொஞ்ச நாளில் அறும்.

இன்னொன்று. வாள் மரத்துக்குள் போகும்போது மெதுவானால் உடனே பெல்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், காதைக் கொடுங்கள். வாள் மெதுவாகும்போது மோட்டரின் சத்தமும் சேர்ந்து இறங்கினால் பெல்ட் பிடித்துத்தான் இருக்கிறது. பிழை மொட்டை வாளிலோ கறண்டிலோ இருக்கிறது. மோட்டர் அதே சுருதியில் பாட, வாள் மட்டும் சோர்ந்தால் பெல்ட் வழுக்குகிறது. பின்னேரத்தில் ஊர் முழுக்க விளக்கு எரியத் தொடங்கியதும் வோல்ட் இறங்கும் இடங்கள் எங்களிடம் இன்னும் இருக்கின்றன. 230 வரவேண்டிய இடத்தில் 190 வந்தால் மோட்டரின் முறுக்கு விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்த நேரத்தில் முதிரையையோ பாலையையோ அரிய வெளிக்கிட்டால் என்ன ஆகும்? தண்ணீரில் போட்டால் தாழும் மரம் பாலை. அதற்குப் புதிதாகத் தீட்டிய வாளும் காலை நேரத்துக் கறண்டும் வேண்டும்.

புல்லி, பெயாரிங், அதற்குப் பிறகு நேர்க்கோடு

பெல்ட்டைக் கழற்றியதும் இரண்டு சாப்ட்டையும், அதாவது புல்லி மாட்டிய தண்டுகளை, கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல உணர்ந்தால், அல்லது மேலும் கீழும் ஆட்டும்போது ஆடினால், பெயாரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் புது பெல்ட் போடுவது காசைக் கரியாக்குகிற வேலை.

பிறகு பள்ளத்தைக் கம்பித் தூரிகையால் துப்புரவு செய்யுங்கள். மாரி முழுக்க ஈரமாகக் கிடந்த மரத்தூள் அடியில் இறுகிக் கல்லாகியிருக்கும், சுவரில் கறள் பிடித்திருக்கும். கறள் பிடித்த சுவர் பெல்ட்டுக்கு அரத்தாள் போட்ட மாதிரி. சோளகம் அடிக்கும் மாதங்களில் செம்மண் புழுதி வேறு வந்து சேரும். துடைத்துவிட்டுப் புது பெல்ட் துண்டு ஒன்றைப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். அதன் முதுகு புல்லியின் விளிம்போடு சமமாக, அல்லது துளி மேலே நிற்கவேண்டும். கீழே தாழ்ந்துபோனால் புல்லி தேய்ந்துவிட்டது. சுவருக்கும் பெல்ட்டுக்கும் இடையில் கால் நூல் அளவு (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வெளிச்சம் தெரிந்தாலே புல்லியை மாற்றவேண்டியதுதான்.

புல்லி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. "இந்த அளவு இல்லை, கொஞ்சம் பெரிசு இருக்கு, போடுங்கோ" என்று கடையில் சொல்வார்கள். போடாதீர்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டரில் 6 அங்குலப் புல்லியும் வாள் சாப்ட்டில் 3 அங்குலப் புல்லியும் இருந்தால் வாள் 2880 சுற்று ஓடும். மோட்டரில் 8 அங்குலத்தைப் போட்டீர்களானால் அதே வாள் 3840 ஓடும். வாளின் உடம்பில் உச்ச வேகம் பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டினால் பல் தெறிக்கும், அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நேர்க்கோடு பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. நாங்கள் தச்சர், நேரான சட்டத்துக்கு எங்களுக்குப் பஞ்சமா? நன்றாகச் சீவி நேர் பார்த்த சட்டம் ஒன்றை இரண்டு புல்லியின் முகத்துக்கும் குறுக்கே வையுங்கள். பெரிய புல்லியில் இரண்டு இடமும் சின்னப் புல்லியில் இரண்டு இடமும், மொத்தம் நான்கு புள்ளியும் படவேண்டும். சட்டம் எட்டாத இடத்தில் இறுக்கிப் பிடித்த நூல் போதும். இரண்டு புல்லியின் விளிம்புத் தடிப்பும் வேறு வேறாக இருந்தால் முகத்தை நம்பாமல், பள்ளத்தின் நடுவிலிருந்து அளந்து கொள்ளுங்கள். ஒரு அடி தூரத்துக்கு அரை நூலுக்குமேல் விலகல் இருக்கக்கூடாது. புல்லி முன்பின் நகர்ந்திருந்தால் அதைச் சாப்ட்டோடு பிடிக்கும் சின்ன ஸ்குருவைத் தளர்த்தி நகர்த்துங்கள். மோட்டரே சரிந்து நின்றால் அதன் காலுக்கடியில் மெல்லிய தகரம் வையுங்கள். மரச்சிலாகை வைக்காதீர்கள், அது நசிந்து ஒரு மாதத்தில் பழைய கோலத்துக்கு வந்துவிடும்.

அளவு

பெல்ட்டின் முதுகில் ஒரு எழுத்தும் ஒரு இலக்கமும் இருக்கும். ஏ 9 என்றால் எங்களுக்கு வீதி, பெல்ட்டில் ஏ என்றால் அகலம். ஏ பெல்ட்டின் மேல் அகலம் 13 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட நான்கு நூல், தடிப்பு 8. பி பெல்ட் 17 அகலம், 11 தடிப்பு. சி என்றால் 22 உம் 14 உம், அது பெரிய மரக்காலைகளில்தான். எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கம் உட்சுற்றளவு, அங்குலத்தில். ஏ 48 என்றால் உள்ளே 48 அங்குலம்.

இலக்கம் அழிந்துவிட்டால் பழைய பெல்ட்டை அளந்து வாங்காதீர்கள், அது நீண்டிருக்கும். மோட்டரை உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு புல்லியின் விளிம்பையும் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டு அளவுங்கள். அது வெளிச்சுற்றளவு. ஏ பெல்ட் என்றால் அதிலிருந்து 2 அங்குலம் கழியுங்கள், பி என்றால் 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கழியுங்கள், வருவதுதான் கடையில் கேட்கவேண்டிய இலக்கம். மோட்டர் அதன் தண்டவாளத்தில் உள்பக்கம் நிற்கும்போதே அளக்கவேண்டும். அப்போதுதான் பெல்ட் நீள நீள இழுத்துக்கொள்ள இடம் மிஞ்சும்.

ஏ பெல்ட்டுக்கு 3 அங்குலத்துக்குக் குறைந்த புல்லி வேண்டாம், பி பெல்ட்டுக்கு 5 அங்குலத்துக்குக் குறைந்தது வேண்டாம். பெல்ட்டை முறுக்கி முறுக்கியே வெடிக்க வைக்கும் சின்னப் புல்லிகளைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு, மூன்று பெல்ட் ஓடும் மெசினில் ஒன்று போனாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், ஒரே கம்பனி, ஒரே இலக்கம், ஒரே நாளில் வாங்கியது. பழையது நீண்டிருக்கும், புதியது இறுக்கமாக இருக்கும், முழுப் பாரத்தையும் புதியது ஒன்றே சுமந்து முதலில் சாகும். கழற்றிய பழையதில் நல்லதாக இருப்பதை ஆபத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

மாட்டுவதும் இறுக்குவதும்

மோட்டரின் நட்டுகளைத் தளர்த்தி, மோட்டரை உள்ளே தள்ளி, பெல்ட்டைக் கையாலேயே பள்ளத்தில் வையுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மோட்டர் இன்னும் உள்ளே போகவேண்டும், அல்லது அளவு பிழை. மோட்டரை வெளியே இழுத்து இறுக்கும்போது இடைக்கிடை சாப்ட்டைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள், பெல்ட் பள்ளத்தில் வடிவாக உட்காரட்டும். சீவுற மெசின் சிலவற்றில் மோட்டர் பிணைச்சல் தட்டில் தொங்கும், அதன் பாரமே இழுவை. அங்கே பிணைச்சலில் கறள் பிடித்து இறுகாமல் பார்த்துக்கொண்டால் காணும்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்குப் "பெருவிரலால் அமத்திப் பார்" என்பார்கள். யாருடைய பெருவிரல் என்பதுதான் கேள்வி. என் தம்பியின் பெருவிரலும் என் பெருவிரலும் ஒன்றா? கணக்கு இதுதான்: இரண்டு புல்லிக்கும் இடையில் பெல்ட் நேராக நிற்கும் நீளத்தை அளவுங்கள். அது 16 அங்குலம் என்றால் நடுவில் இழுக்கும்போது இரண்டு நூல் அசையவேண்டும், 32 அங்குலம் என்றால் நான்கு நூல். இழுக்கும் பாரம் ஏ பெல்ட்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ, பி பெல்ட்டுக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோ. இதற்கு நான் பாவிப்பது மீன் நிறுக்கும் கொக்கித் தராசு. பெல்ட்டின் நடுவில் கொக்கியை மாட்டி, பக்கத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, தராசு ஒன்றரை காட்டும்வரை இழுத்து, சட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்க்கிறேன். பல பெல்ட் இருந்தால் ஒவ்வொன்றாக. முதல் தடவை கொஞ்சம் மினக்கெடும், பிறகு இரண்டு நிமிட வேலை.

தளர்ந்தால் வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மிஞ்சி இறுக்கினால் பெயாரிங் போகும், மோட்டர் சாப்ட் வளையவும் கூடும், அது பெல்ட்டைவிடப் பலமடங்கு செலவு. மெசின் தொடங்கும்போது ஒரு கணம் கிரீச்சென்று கத்திவிட்டு அடங்கினால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம். கத்தாமல் இருக்கவேண்டும் என்று ஒரேயடியாக முறுக்கிவிட வேண்டாம்.

புது பெல்ட் முதல் நாள் நீளும், பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கி உட்காரும். அதனால் முதல்நாள் வேலை முடிந்ததும் ஒருதரம், ஒரு கிழமையில் இன்னொருதரம் தராசை மாட்டிப் பார்த்துத் திரும்ப இறுக்குங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் "புதுசு போட்டும் வழுக்குது" என்று ஆக்கள் முறையிடுகிறார்கள்.

நாளாந்தம்

மெசினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றியதும் புல்லியைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்துப் பொறுக்க முடியாத சூடு என்றால் 60 பாகை செல்சியஸ் அளவுக்குப் போயிருக்கிறது, எங்கேயோ வழுக்குகிறது. பெல்ட்டின் சூடு 10 பாகை கூடினால் ஆயுள் அரைவாசி என்பது பொதுவான கணக்கு. தகரக் கொட்டகைக்குள் சித்திரை வெயிலில் வேலை செய்கிற எங்களுக்கு இது சும்மா கதை இல்லை. பெல்ட் மூடியைப் பலகையால் அடைத்து மூடாதீர்கள், கம்பிவலை போடுங்கள், காற்று போகட்டும், தூளும் விழட்டும்.

எண்ணெய் பட்டால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் றப்பரை ஊத வைக்கும். வழுக்குகிறது என்று குங்கிலியம் தூவுவது, பிசின் பூசுவது, கடையில் விற்கும் பெல்ட் மருந்து அடிப்பது எதுவும் வீ பெல்ட்டுக்கு வேண்டாம். பட்டைப் பெல்ட் ஓடிய காலத்துப் பழக்கம் அது. எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடிய தொண்ணூறுகளில் புதுப் பெல்ட் என்பதே கனவு, லொறி ரியூப்பை வெட்டியும் கன்வஸைத் தைத்தும் ஓட்டினோம், அதற்குக் குங்கிலியம் சரிதான். இன்னும் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) எஞ்சினில் பட்டைப் பெல்ட் போட்டு வட்டவாள் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பெல்ட்டின் தளர்ந்த பக்கம் மேலேயும் இழுபடும் பக்கம் கீழேயும் வரும்படி எஞ்சினை வையுங்கள். மேல்பக்கம் தொய்யும்போது பெல்ட் புல்லியை இன்னும் கொஞ்சம் சுற்றிப் பிடிக்கும்.

காலபோக அறுவடைக்குப் பெடியள் எல்லாம் வயலுக்குப் போய்விட, பட்டறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அப்போது மோட்டரைத் தளர்த்தி பெல்ட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் போங்கள். இறுக்கியபடி விட்டால் புல்லியைச் சுற்றிய வளைவு அப்படியே நிலைத்து, திரும்ப ஓட்டும்போது டக் டக்கென்று அடிக்கும்.

மேலதிகமாக வாங்கி வைக்கும் பெல்ட்டை ஆணியில் தொங்கவிடாதீர்கள், தொங்கும் இடத்தில் மடிந்துவிடும். வெயில் படாத, வெல்டிங் செய்யும் இடத்துக்குத் தூரமான இடத்தில், மூடியுள்ள தகரப் பேணியில் தளர்வாக வளைத்து வையுங்கள். மூடி முக்கியம். நான் ஒருதரம் உரப்பையில் போட்டு வைத்து, மாரி முடியும்போது எடுத்துப் பார்த்தால் எலி அழகாக மூன்று இடத்தில் கடித்து வைத்திருந்தது.

மெசினின் பெல்ட் மூடியின் உள்பக்கத்தில் பெயின்ற்றால் பெல்ட்டின் இலக்கத்தையும் மாட்டிய திகதியையும் எழுதிவிடுங்கள், கொப்பி தொலைந்துபோகும், மூடி தொலையாது. எங்கள் சீவுற மெசின் மூடியில் ஏ 48, இரண்டு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரி நெருக்கமாக இருக்கிறது. நாலாவது வரி புல்லி மாற்றிய அன்று எழுதியது. அதற்குக் கீழே இன்னும் இடம் காலியாகத்தான் கிடக்கிறது.